சிறார் கைக்கல்லும் இல்லத்து நிலையும்

கல்லூரி விழா மலரொன்றிலே எழுதப் புகும் பழைய மாணவர், தாம் கற்ற காலத்து ஆசிரியர் பெருமையையும், விளையாட்டரங்கிலே ஈட்டிய வெற்றியையும், விடுதி வாழ்வின் இனிமையையும் எடுத்துரைப்பது மரபு. அம்மரபு போற்றத்தக்கதே. ஆயினும், கல்வி நிலையமொன்றின் பெருமை அங்கே பயின்று மேனிலை எய்தியோரால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. அதன் மதிலுக்கு வெளியே, தெருவிலும் கடற்கரையிலும், சிறுவர் எவ்வாறு ஒழுகுகின்றனர் என்பதனாலும் அளக்கப்படும். ஆதலின், சிறிதென்று பலரும் ஒதுக்கும் பொருளொன்றை இம்மலரிலே ஆராய எண்ணினோம்.

சிறுவன் ஒருவன் வாய்பேசாப் பிராணியொன்றைத் துன்புறுத்துவானாயின், அச்செயலை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? பிள்ளை விளையாட்டென்று விட்டுவிடுவதா? பிறவிக் குணமென்று கைவிடுவதா? பிரம்பெடுத்துத் திருத்துவதா? இவ்வினாக்களுக்கு நம் முன்னோரும் விடை தேடினர். கடந்த அறுபது ஆண்டுகளாக மேனாட்டுச் சமூகவியல் அறிஞரும் உளவியல் அறிஞரும் தேடி வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானவற்றைத் தொகுத்து, நமது துறைமுக மாவட்டத்து நிலைமைக்கு அவை எவ்வாறு பொருந்துமென்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழங்கதைகள் இரண்டு

முதற்கண் நாம் அனைவரும் அறிந்த கதைகள் இரண்டை நினைவுகூர்வோம்.

ஒன்று மனுநீதிச் சோழன் கதை. இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்றொன்று மடிந்தது; தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது; அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். பெரிய புராணம் திருவாரூருக்கு உரியதாக இக்கதையைச் சொல்லும். மகாவமிசமோ அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் மேல் வைத்துச் சொல்லும். கோணேசர் ஆலயத் திருப்பணி செய்தவனாகப் போற்றப்படும் குளக்கோட்டனையும் மனுநீதிகண்ட சோழன் மரபினனென்றே கோணேசர் கல்வெட்டு கூறுகின்றது. ஆகவே, திருகோணமலை மக்களாகிய நமக்கு இக்கதை அயலூர்க் கதையன்று.

மற்றையது மகாபாரதத்து மாண்டவிய முனிவர் கதை. செய்யாத களவுக்காகக் கழுவேற்றப்பட்ட அம்முனிவர், தமக்கு ஏன் இத்தண்டனை நேர்ந்ததென்று அறக்கடவுளை வினவினார். சிறுவயதிலே பூச்சியைப் புல் நுனியாற் குத்திய வினையின் பயன் இதுவென்று அக்கடவுள் விடை கூறினார். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இத்துணைப் பெருந்தண்டனையா என்று முனிவர் வெகுண்டார். அறக்கடவுளை மண்ணிலே விதுரனாகப் பிறக்குமாறு சபித்ததோடு, பதினான்கு வயது வரை செய்யுஞ் செயல் பாவமாகாதென்று எல்லையும் வகுத்தார்.

இவ்விரு கதைகளும் ஒன்றற்கொன்று மாறுபட்டவை போலத் தோன்றும். ஒன்று பிராணியின் உயிரை அரசிளங்குமரனின் உயிரோடு ஒப்ப வைக்கின்றது. மற்றொன்று சிறுவனுக்கு விதிக்கப்படுந் தண்டனைக்கு வரம்பு கட்டுகின்றது. ஆயின், இரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். கன்றின் துன்பம் சிறிதன்று. அதற்காகச் சிறுவனை நசுக்குவதும் அறமன்று. இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உள்ள கடமையாகும்.

கொடுமை யாது, கொடுமையன்று யாது?

நமது மாவட்டத்தை அறியாதார்க்குச் சில சொல்லல் வேண்டும். பிரட்றிக் கோட்டையினுள்ளும் அதனைச் சூழ்ந்த நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் கட்டின்றித் திரிவது வேறெந்த நகரத்திலும் எளிதிற் காணக்கிடையாத காட்சி. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அவற்றுக்குப் பழமும் இலையும் ஊட்டுவர். அம்மான்களே குப்பையிற் கிடக்கும் பொலித்தீன் பைகளை உண்டும், வாகனங்களில் மோதுண்டும், தெருநாய்களாற் கடியுண்டும் மாள்வதுமுண்டு. கடற்கரையோரத்து மீன்வாடிகளைச் சுற்றி நாய்களும் பூனைகளும் காகங்களும் பெருகி வாழ்கின்றன. வயலும் குளமுஞ் சார்ந்த தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் முதலிய பகுதிகளில் மாடும் எருமையும் வீட்டாரோடு ஒட்டி வாழ்வன. இத்தகைய நிலத்திலே வளரும் சிறுவன் நாள்தோறும் பிராணிகளின் நடுவே நடமாடுகின்றான்.

அவன் கையிற் கெற்றப்போல் இருக்கும். ஈர்க்கிலே சுருக்கிட்டு ஓணான் பிடிப்பான். தும்பியின் வாலில் நூல் கட்டுவான். படுத்திருக்கும் நாயின் மீது கல்லெறிவான். இவை யாவற்றையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. தந்தையோடு கரைவலை இழுத்து மீன் பிடிக்கும் சிறுவனும் உயிரைக் கொல்கின்றான். எனினும் அது பிழைப்புக்குரிய தொழில். மாட்டைக் கட்டிவைத்து ஊசியேற்றும் வைத்தியரும் அதனை வருத்துகின்றார். எனினும் அது நோய் தீர்க்கும் பொருட்டு.

அமெரிக்க உளவியல் அறிஞர் பிராங் அசியோன் 1993ஆம் ஆண்டில் இதற்கொரு வரையறை வகுத்தார். அவர் கருத்தை மூன்று வினாக்களாக விரிக்கலாம். செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா? விளைந்த துன்பம் தேவையற்றதா? அச்சமூகம் ஒவ்வாதென்று கருதுஞ் செயலா? மூன்றுக்கும் ஆமென்பது விடையாயின் அது கொடுமை எனப்படும். இவற்றுள் மூன்றாம் வினாவே சிக்கலானது. ஏனெனில், சமூகமே சில கொடுமைகளுக்கு இசைவு தருவதுண்டு. இராமபிரானுக்கு அணில் உதவியதென்றும் ஓணான் இழிவு செய்ததென்றும் வழங்குங் கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவன், ஓணானை அடிப்பது புண்ணியமென்றே நம்புவான். அவன் கையிலுள்ள கல்லை எடுத்துக் கொடுத்தவர் பெரியோரே அன்றோ?

ஆராய்ச்சி வளர்ந்த முறை

சிறுவரின் கொடுமைக்கும் பிற்காலத்து வன்செயலுக்கும் தொடர்புண்டென்ற கருத்து ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்தது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751ஆம் ஆண்டிலே வெளியிட்ட நான்கு படங்கள், நாயை வதைக்குஞ் சிறுவனொருவன் படிப்படியாகக் கொலைகாரனாகித் தூக்குமேடை ஏறுவதைச் சித்திரித்தன. இக்கருத்தை மருத்துவ ஆராய்ச்சியாக முதலில் முன்வைத்தவருள் ஒருவர் ஜோன் மக்டொனால்ட். கொலை செய்வதாக மிரட்டிய நூறு நோயாளரை ஆராய்ந்த அவர், 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, படுக்கையில் நீர் கழித்தல், தீ வைத்தல், பிராணிகளை வதைத்தல் ஆகிய மூன்றும் அவர்தம் இளமையிற் காணப்பட்டனவென்று குறித்தார். மானிடவியல் அறிஞர் மார்கரெற் மீட் 1964ஆம் ஆண்டிலே, பிராணியொன்றைச் சிறுவன் வதைப்பதை அறிந்தும் பெரியோர் வாளாவிருப்பது ஆபத்தானதென்று எச்சரித்தார்.

பின்னர் ஸ்ரீபன் கெலேர்ட், அலன் பெல்தஸ் என்னும் இருவர் கன்சாஸ், கனெற்றிக்கற் ஆகிய மாநிலங்களில் 152 ஆடவரை நேர்கண்டு 1985ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சிறையிலிருந்தோருள் மிகுந்த முரட்டுத்தன்மை உடையாரில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர், இளமையில் ஐந்து தடவையோ அதற்கு மேலோ பிராணிகளைக் கொடுமைப்படுத்தியதாகக் கூறினர். சிறை செல்லாத ஆடவருள் அவ்வாறு கூறியவர் எவருமிலர். அவ்வறிஞர் கொடுமைக்குரிய காரணங்களை ஒன்பதாக வகுத்தமை இன்னும் பயனுடையது. பிராணியை அடக்க முயல்வதும், கடித்த பிராணியைப் பழிதீர்ப்பதும், ஓரினத்தின் மீது கொண்ட வெறுப்பும், பிறரைத் திகைக்கச் செய்து மகிழ்வதும் அவற்றுட் சில. வேறொருவர் மீதுள்ள கோபத்தை எதிர்க்க மாட்டாத உயிரின் மீது இறக்கி வைத்தலும் அவற்றுள் ஒன்று. நமது விடயத்துக்கு இதுவே மிக முக்கியமானது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் தம் நோய்க்கையேட்டைத் திருத்தியபொழுது, சிறாரின் நடத்தைக் கோளாற்றுக்குரிய அறிகுறிகளுட் பிராணிவதையையும் சேர்த்தனர்.

வீட்டின்பால் திரும்பிய பார்வை

மேற்காட்டிய ஆய்வுகள் யாவும் சிறுவனைத் தனியே நிறுத்தி நோக்கின. அவன் பின்னே நிற்கும் வீட்டை நோக்கிய ஆய்வுகளே நமக்குப் பெரிதும் வழிகாட்டுவன.

நியூஜேர்சி மாநிலத்திலே, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியமைக்காக அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்த 53 குடும்பங்களை ஆராய்ந்தோர் 1983ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு அறுபது குடும்பங்களில் வளர்ப்புப் பிராணிகளும் வதைக்கப்பட்டன. பிள்ளையை உடலால் வருத்திய குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அத்தொகை நூற்றுக்கு எண்பத்தெட்டாக உயர்ந்தது. வதைத்தவருட் பெரும்பாலார் தந்தையர்; ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் பிள்ளைகள். அடியுண்ட பிள்ளை, தன்னினும் மெலிந்த உயிரை அடிக்கப் பழகியது.

யூட்டா மாநிலத்திலே, கணவரின் கொடுமைக்கு அஞ்சிப் புகலிடம் நாடிய 38 பெண்களை அசியோன் வினவி, 1998ஆம் ஆண்டில் முடிவைத் தந்தார். பிராணி வளர்த்த பெண்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவர், தம் துணைவர் அப்பிராணியை வதைத்ததாகவோ வதைப்பதாக மிரட்டியதாகவோ கூறினர். தம் பிள்ளைகளும் பிராணிகளைத் துன்புறுத்தியதாகத் தாய்மாருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் உரைத்தனர். தாயை அடக்குவதற்கு நாயை உதைத்துக் காட்டுந் தந்தையிடம் மகன் கற்கும் பாடம் யாதென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, கிளிப்டன் பிளின் என்னும் சமூகவியலாளர் பல்கலைக்கழக மாணவர் 267 பேரை வினவி 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குற்றவாளிகளையன்றிச் சாதாரண இளைஞரையே நோக்கியதாகும். ஆடவருள் மூன்றிலொருவர் அளவிலும் பெண்டிருள் பத்திலொருவர் அளவிலும் தாம் எப்போதாவது பிராணியைக் கொடுமைப்படுத்தியதை ஒப்புக்கொண்டனர். வளரிளம் பருவத்திலே தந்தையிடம் அடி வாங்கிய ஆண்மக்களிடத்து இக்கொடுமை மிகுதியாகக் காணப்பட்டது. பெண்மக்களிடத்தோ, தாயடித்த ஆண்மக்களிடத்தோ இத்தொடர்பு அவ்வாறு தோன்றவில்லை. ஆகவே, இங்கே பேசப்படுவது அடியின் வலி மாத்திரமன்று. வலியவன் மெலியவனை அடிப்பதே ஆண்மையென்று தந்தையின் கை மகனுக்குக் கற்பிக்கின்றது.

ஆண்பிள்ளைகளே இதில் முற்பட்டு நிற்பதற்கு வேறு காரணங்களுமுண்டு. தெருவிலும் கரையிலும் மேற்பார்வையின்றித் திரிய அவர்களுக்கே இடமுண்டு. அழுதால் ஏளனமும் அஞ்சினால் இழிவும் அவர்களுக்கே வரும். குழுவாகக் கூடுமிடத்து, கல்லெறிய மறுப்பவன் கோழையெனப்படுவான். ஆர்னல்ட் ஆர்லுக் என்னும் சமூகவியலாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இளமையிற் பிராணிகளைத் துன்புறுத்திய மாணவர் பலர் அதனைப் பெரியவராகி விட்டதாகக் காட்டும் ஒருவகை விளையாட்டாகவே நினைவுகூர்ந்தனர். மறைவும் துணிவும் தோழமையும் அவ்விளையாட்டிற் கலந்திருந்தன.

எல்லை கடந்து முடிவுகட்டலாகாது

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. நாய்மேற் கல்லெறிந்தவன் நாளை மனிதனைக் கொல்வான் என்று துணிவது அறியாமையாகும். ஆர்லுக் முதலியோர் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, பிராணிவதைக்காக 1975 முதல் 1986 வரை வழக்கிடப்பட்ட 153 பேரையும், அவர்தம் அயலவருள் அதே வயதினரான 153 பேரையும் ஒப்பிட்டு 1999ஆம் ஆண்டில் எழுதினர். பிராணியை வதைத்தோர் மனிதரிடத்தும் வன்செயல் புரிந்தமை அயலாரைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக இருந்தது உண்மையே. ஆனால், பிராணிவதை முன்னும் மனிதவதை பின்னுமாக அவை ஒழுங்குபட நிகழவில்லை. சிலரிடம் இது முன்னும் சிலரிடம் அது முன்னுமாக நிகழ்ந்தன. களவு முதலிய பிற குற்றங்களும் உடன் காணப்பட்டன. ஆதலின், பிராணிவதையைக் கொலைக்கு ஏறும் ஏணியின் முதற்படியென்று கொள்ளாது, பல தீங்குகள் ஒருங்கு முளைத்த நிலத்தில் எழுந்த ஒரு முளையென்று கொள்ளலே தக்கது. முளையைக் கிள்ளுவதோடு நில்லாது நிலத்தையும் பார்த்தல் வேண்டும்.

மேலும், பிளின் வினவிய ஆடவருள் மூன்றிலொருவர் கொடுமை செய்தவராயினும், அவர் யாவரும் பல்கலைக்கழகத்திற் கற்கும் சாதாரண மாணவரே என்பதை மறத்தலாகாது. பெரும்பாலான சிறுவர் இத்தீப்பழக்கத்தைக் கடந்து நல்லோராகவே வளர்கின்றனர். முத்திரை குத்துதல் ஆய்வின் நோக்கமன்று. உதவி வேண்டுவோனை உரிய காலத்தில் அறிதலே அதன் நோக்கம்.

நமது மண்ணின் நிலை

மேனாட்டு ஆய்வு நமக்குப் பொருந்துமோ என்று சிலர் வினவக்கூடும். வீட்டு நிலைமை பற்றி நமது பகுதியிலேயே நிகழ்ந்த ஆய்வொன்றுண்டு. ஆழிப்பேரலைக்குப் பின்னர், குளோடியா கற்றானி, பிராங் நொய்னர் முதலியோர் இலங்கையின் வடகிழக்கிலே 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை நேர்கண்டு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் நம் உள்ளத்தை உலுக்குவன. நூற்றுக்கு எண்பத்திரண்டு பிள்ளைகள் போர் நிகழ்ச்சியொன்றையேனும் அனுபவித்திருந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் வீட்டினுள்ளே ஏதேனுமொரு வகைக் கொடுமையைக் கண்டோ பட்டோ இருந்தனர். நூற்றுக்கு முப்பதின்மருக்குப் பேரதிர்ச்சியின் பின் நிகழும் உளநோய் இருந்தது. பிள்ளைகள் வீட்டில் அடியுண்பதோடு தொடர்புடையனவாக அவர்கள் கண்டவற்றுள் இரண்டு குறிக்கத்தக்கன: ஒன்று பிள்ளை முன்னர்ப் பட்ட போர்த்துயர், மற்றொன்று தந்தையின் மதுப்பழக்கம்.

அவ்வாய்வு வினவியது வீட்டைப் பற்றியே, பிராணிகளைப் பற்றியன்று. ஆயினும், நியூஜேர்சியிலும் யூட்டாவிலும் எந்த நிலத்தில் இம்முளை எழுந்ததோ, அதே நிலம் நமது கரையிலும் உண்டென்பதை அது தெளிவாக்குகின்றது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் இடம்பெயர்ந்தும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் அலைவாய்ப்பட்டு உற்றாரை இழந்தும், தொழிலுக்குரிய வள்ளமும் வலையும் அழிந்தும் வாடிய குடும்பங்கள் நமது மாவட்டத்தில் மிகப் பல. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்தாரும் இத்துயரில் ஒத்த பங்காளரே. அக்காலத்திற் சிறுவராயிருந்தோர் இன்று தந்தையராயினர். அவர்தம் உள்ளத்தில் ஆறாத புண் மதுவாகவும் கோபமாகவும் வெளிப்படுமிடத்து, அதன் கடைசி அடி வீட்டு முற்றத்து நாயின்மீது விழுகின்றது.

சட்டமும் அதன் எல்லையும்

பிராணிகளின் நலமும் பிள்ளைகளின் நலமும் உடன்பிறந்தவை என்பதற்கு வரலாறே சான்று. 1874ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, வளர்ப்புத் தாயின் கொடுமைக்கு ஆளான மேரி எலன் என்னும் சிறுமியை மீட்பதற்கு உதவியவர், பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை 1866ஆம் ஆண்டில் நிறுவிய ஹென்றி பேர்க் என்பவரே. அதன் பயனாகச் சிறுவர் வதைத் தடுப்புச் சங்கம் அந்நகரில் தோன்றியது.

நமது நாட்டிலே பிராணிவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது விதித்த தண்டப்பணத்தின் உச்ச அளவு நூறு ரூபா. காலத்துக்கேற்ற புதிய சட்டமூலமொன்றைச் சட்ட ஆணைக்குழு 2006ஆம் ஆண்டிலே வரைந்தும், அது ஆண்டுகள் பல சட்டமாகாமற் கிடந்தது. சிறுவர் பொருட்டு 1998ஆம் ஆண்டிலே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டமும், 2005ஆம் ஆண்டிலே வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்தன. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாதென்றும், பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை உணரும் முதிர்ச்சியுண்டோவென ஆராய வேண்டுமென்றும் தண்டனைச் சட்டக்கோவையில் விதிக்கப்பட்டது. மாண்டவிய முனிவர் வகுத்த பதினான்கு வயதெல்லையை நமது சட்டமும் ஒருவாறு வந்தடைந்ததென்று கூறின் மிகையாகாது.

ஆனால், சட்டம் கல்லெறிந்த கையைத்தான் பிடிக்கும். எறியத் தூண்டிய உள்ளத்தை மாற்ற அதனால் இயலாது. அப்பணி வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது.

பிரம்பு பற்றி ஒரு சொல்

இங்கே பழைய மாணவர் பலர் மனத்தில் எழக்கூடிய தடையொன்றை நேரே எடுத்துரைப்பது கடன். “அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பிரம்படி பட்டே நாம் மனிதரானோம் என்று பெருமையோடு கூறுவார் நம்முள் உளர். அவர் ஆசிரியரிடத்துக் கொண்ட நன்றியை நாமும் மதிக்கின்றோம். ஆயினும், பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்து இவ்வாறு பேசுவார் யாவர்? கல்வியிலே நிலைத்து நின்று முன்னேறியவரே. அடிக்கு அஞ்சி இடைநடுவிற் பள்ளியை விட்டகன்றவர் இக்கூட்டத்துக்கு வருவதில்லை. விழா மலருக்குக் கட்டுரை எழுதுவதுமில்லை. வென்றவரை மாத்திரம் எண்ணி வழியை நல்லதென்று முடிவுகட்டுதல் தருக்கமன்று. பிரம்பு பெற்ற நம்மவரை உயர்த்தியது பிரம்பன்று. அதைப் பிடித்த ஆசிரியர் நம்பால் வைத்த அக்கறையே. அக்கறை இருப்பின் பிரம்பு வேண்டா. அக்கறை இல்லையேற் பிரம்பு வெறுங்கொடுமையே.

மேலும், நாயை அடித்த சிறுவனைப் பிரம்பால் அடிக்கும்பொழுது அவன் கற்பது யாது? வலியவன் அடிக்கலாம் என்பதையே. அவன் முன்னரே கற்ற பிழையான பாடத்தை ஆசிரியரும் உறுதிப்படுத்தியவராவர். பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் சுற்றறிக்கை விடுத்தமைக்குரிய நியாயத்தை, பிளின் கண்ட முடிவு நன்கு விளக்குகின்றது.

செயற்பாலன

எனின், யாது செய்வது? ஆசிரியரும் பெற்றோரும் முதலிலே நான்கு செய்திகளை அமைதியாக ஆராய வேண்டும். பிள்ளையின் வயது என்ன? ஒருமுறை நிகழ்ந்ததா, பலமுறை தொடர்ந்ததா? தோழரோடு கூடிச் செய்தானா, தனிமையில் மறைவாகச் செய்தானா? பிராணி துடித்தபொழுது அவன் வருந்தினானா, மகிழ்ந்தானா, உணர்வற்று நின்றானா? நான்கு வயதுக் குழந்தை பூனைக்குட்டியின் வாலை இழுப்பது அறியாமை. அதன் கையைப் பிடித்து மெல்லத் தடவக் கற்பித்தல் போதும். பத்து வயதுச் சிறுவர் குழுவாகக் கூடி நாயைத் துரத்துவது தோழமையின் மயக்கம். அக்குழுவுக்கு வேறு வேலை கொடுத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தனியே, மறைவாக, பலமுறை, இரக்கமின்றிச் செய்வானாயின், அவன் நம்மிடம் ஏதோ சொல்ல முயல்கின்றான் என்று கொள்ளல் வேண்டும்.

அவனிடம் “ஏன் செய்தாய்?” என்று அதட்டுவதினும், “வீட்டிலே எப்படியிருக்கிறது, தம்பி?” என்று கேட்பதே மேலானது. வீட்டுக்குச் சென்று தாயோடும் தந்தையோடும் பேசுதல் பழைய ஆசிரியரிடம் இருந்த நல்வழக்கம். அதை மீண்டும் கைக்கொள்ளலாம். நிலைமை கடுமையாயின், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, 1929 என்னும் தொலைபேசி எண்ணினூடாகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையையோ நாடலாம். அரசினர் மருத்துவமனைகளில் உளநல வைத்தியரின் உதவியும் உண்டு. தந்தையின் மதுப்பழக்கமும் நோயே, அதற்கும் சிகிச்சையுண்டு.

இரக்கம் கற்பிக்கத்தக்கது என்பதற்கும் சான்றுண்டு. 1882ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலே சிறுவர் கருணைக் குழாங்கள் தொடங்கப்பட்டன. யூட்டாவிலே பிராணிகளிடத்து அன்பு கற்பிக்கும் பாடங்களை ஆண்டு முழுவதும் நடத்திப் பார்த்த அசியோன், நான்காம் வகுப்பு மாணவரிடத்து அவ்வன்பு மனிதரிடத்துக் காட்டும் பரிவாகவும் விரிந்ததை 1992ஆம் ஆண்டில் எழுதினார். நமக்குப் புதுப்பாடநூல் தேட வேண்டியதில்லை. திருக்குறளிலே அருளுடைமை, கொல்லாமை என்னும் அதிகாரங்கள் மனப்பாடத்துக்கு மாத்திரம் உரியன ஆகாமல், செயலுக்கு உரியனவாதல் வேண்டும். கோட்டையடியிலே பொலித்தீன் பொறுக்கி மான்களைக் காக்கும் மாணவர் குழு ஒன்று, தெருநாய்களுக்குத் தடுப்பூசியிடும் நாளில் அதிகாரிகளுக்கு உதவும் மாணவர் குழு இன்னொன்று என அமைத்தல் அரிதன்று. விசர்நாய்க்கு அஞ்சிக் கல்லெடுப்பதினும் ஊசியால் அந்நோயைத் தடுப்பதே அறிவென்பதைச் சிறுவர் கண்ணாரக் காண்பர். அடியுண்டு வளர்ந்த சிறுவனிடம் ஓருயிரைக் காக்கும் பொறுப்பை, மூத்தோர் ஒருவரின் துணையோடு, நம்பி ஒப்படைப்பது அவனுக்கு நாம் அளிக்கும் பெருமதிப்பாகும்.

மாணவருக்கு நாம் கூறுவது ஒன்றே. தோழன் கல்லெடுக்கும்பொழுது “வேண்டாம்” என்று சொல்வதற்கு, கல்லெறிவதினும் மிகுந்த துணிவு வேண்டும். அத்துணிவே ஆண்மை. வீட்டிலே உமக்கோ உம் தாய்க்கோ கொடுமை நிகழுமாயின், நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடம் சொல்லுதல் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தலன்று, காத்தலேயாம்.

பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம். இராமகிருஷ்ண சங்கத்தாரின் பராமரிப்பிலே வளர்ந்து, சுவாமி விபுலாநந்தர் போன்ற பெரியோர் தொண்டாற்றிய கல்விப் பாரம்பரியம் இந்நகருக்கு உரியது. அப்பாரம்பரியத்துக்கு நாம் கட்டடமும் பரிசுக் கேடயமும் வழங்குவது நன்றே. அவற்றோடு, உளநல ஆலோசகர் ஒருவரின் சேவையைப் பிள்ளைகளுக்குப் பெற்றுக் கொடுப்பதும், தந்தையரை மதுவினின்றும் மீட்கும் முயற்சிக்குக் கைகொடுப்பதும் அவ்வளவு நிலைத்த கொடையாகும்.

மனுநீதிச் சோழன் கதையிலே மகனைத் தேர்க்காலில் இட்ட செயலையே பலரும் வியந்து பேசுவர். அதனினும் வியக்கத்தக்கது, வாய்பேசாப் பசுவுக்கும் எட்டும்படி அவ்வரசன் வாயிலிலே மணியொன்று தொங்கியமை. நமது தெருவிலே கல்லடி பட்டு நொண்டும் நாயும் ஒரு மணியோசையே. அது தன் வலியை மாத்திரம் சொல்வதன்று. எறிந்த சிறுவனின் வீட்டு நிலையையுஞ் சேர்த்துச் சொல்வது. அவ்வோசையைக் கேட்டுச் சிறுவன் வீட்டுக் கதவைத் தட்டும் ஆசிரியரும் அயலாரும் ஒரூரில் இருப்பரேல், அங்கே கன்றும் பிழைக்கும், மகனும் பிழைப்பான்.